எத்தனை வாட்னு யாராவது சொன்னாங்களா?

இரவு ஒன்பதே முக்கால். ஆபீஸ் முடிந்து, ட்ரெயின் பிடித்து, அம்பத்தூரில் இறங்கி, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பையனைத் தூங்கவைத்து, காலையில் அவன் எடுத்துப்போக வேண்டிய நோட்டு வரைக்கும் பையில் வைத்தாயிற்று. இனிமேல் ஒரு மணி நேரம் எனக்கு. லேப்டாப்பைத் திறக்கிறேன். கார் ரேஸ். கடைசி ரவுண்டு, இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருக்கிறேன். இடது பக்கம் ஒரு வளைவு வருகிறது. பிரேக் போட்டுத் திருப்புகிறேன். படம் அப்படியே நிற்கிறது. அரை வினாடி இருக்குமா? அவ்வளவுதான். மறுபடி அசையும்போது கார் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆறு பேர் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஒரு நாள் இப்படி ஆனால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். 14 மாதம்! 78,000 ரூபாய் கொடுத்து, 12 மாதத் தவணை கட்டி வாங்கிய பொருள். மாதம் பிறந்தால் 5-ஆம் தேதி பணம் சரியாகப் போய்விடும். அதில் மட்டும் ஒரு நாள்கூட லேக் வந்ததில்லை.

"விளையாட்டுதானே, அதுக்குப் போய் இவ்வளவு வருத்தமா?" என்று அம்மா கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் நீங்களே சொல்லுங்க. ஃபேன் வாங்கினோம், காத்து வரவில்லை என்றால் "காத்துதானே" என்று விட்டுவிடுவோமா? இன்ன வேலைக்கு என்று சொல்லித்தான் விற்றார்கள். அந்த வேலையை அது செய்யவில்லை. இன்றைக்கு எனக்கு ரேஸ். இதே மெஷினில் இன்னொருத்தர் கல்யாண வீடியோ எடிட் பண்ணுவார். இன்னொரு பிள்ளை அனிமேஷன் படிக்கும். அவர்களுக்கும் இதே கதிதானே?

வாங்கிய அன்றைக்கு ஷோரூமில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "கேமிங் லேப்டாப் சார். எல்லா கேமும் ஸ்மூத்தா ஓடும்." கீபோர்டில் சிவப்பு லைட் எரிந்தது. பக்கத்தில் வரிசையாக ஸ்டிக்கர்கள். ப்ராசஸர் பெயர், கிராபிக்ஸ் கார்டு பெயர், 144 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. எல்லாவற்றையும் படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். பொய் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த மெஷின் எப்படி ஓடும் என்பதைத் தீர்மானிக்கிற முக்கியமான விஷயங்கள் பல அதில் இல்லை. இது எனக்குப் புரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

முதலில் எல்லாரையும் போல ஹெல்ப்லைனைக் கூப்பிட்டேன். இருபது நிமிஷம் பாட்டு. அப்புறம் ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதையாக. "விண்டோஸ் அப்டேட் பண்ணீங்களா சார்?" பண்ணியாச்சு. "கிராபிக்ஸ் டிரைவர்?" அதையும் பழசைச் சுத்தமா எடுத்துட்டுப் புதுசு போட்டாச்சு. "அப்ப ஒரு தடவை ஃபார்மேட் பண்ணிப் பாருங்க சார்." பண்ணினேன். போட்டோ, பில், பையனோட ஸ்கூல் வேலை எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஃபார்மேட் பண்ணி, 100 ஜிபிக்கு மேல் இருக்கிற கேமை மறுபடி இரண்டு நாள் டவுன்லோடு பண்ணி, ஓட்டிப் பார்த்தால் அதே வளைவு, அதே சுவர். அடுத்த தடவை கூப்பிட்டபோது வேறொருத்தர். நான் சொன்னது எதுவும் அவருக்கு முன்னால் இல்லை. முதலில் இருந்து ஆரம்பித்தார். "விண்டோஸ் அப்டேட் பண்ணீங்களா சார்?" மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவை ஃபார்மேட் பண்ணினேன். காய்ச்சலோ, கால் முறிவோ, பல்வலியோ, எதுக்குப் போனாலும் ஒரே மாத்திரையை நீட்டுகிற ஆஸ்பத்திரிக்கு நீங்கள் நாலாவது தடவை போவீர்களா?

கடைசியில் வந்தவர் ஒரு கேள்வி கேட்டார். "உங்க வீட்ல லோ வோல்டேஜா சார்?" நான் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். 100-240 வோல்ட், எத்தனை ஆம்ப்பியர், எத்தனை வாட், எல்லாம் தெளிவாக அச்சடித்திருந்தது. அந்தக் கறுப்புச் செங்கல்லுக்குச் சொல்லத் தெரிந்திருக்கிறது. லேப்டாப்புக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் நானே உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக. நான் அக்கவுன்ட்ஸ் ஆள். கம்ப்யூட்டர் ரிப்பேர் என் தொழில் இல்லை.

டாஸ்க் மேனேஜர்தான் முதல் கதவு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். அதில் பர்ஃபார்மன்ஸ் பக்கம். கேமை ஓடவிட்டு அங்கே பார்த்தால் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு கிராபிக்ஸ் சிப் இருக்கிறது. முதலாவது மூச்சுமுட்ட 99 சதவீதத்தில் நிற்கிறது. இரண்டாவது சும்மா இருக்கிறது. எது எது என்று பெயரைப் படித்தேன். நெஞ்சு திக்கென்றது. ஓடிக்கொண்டிருப்பது ப்ராசஸரோடு ஒட்டிவருகிற சின்ன கிராபிக்ஸ். நான் எதற்காக அத்தனை ஆயிரம் சேர்த்துக் கொடுத்தேனோ, அந்தத் தனி கார்டு தூங்குகிறது!

இந்த இரட்டை ஏற்பாடு பழசுதான். மெயில் பார்ப்பதற்கும் சினிமா பார்ப்பதற்கும் பெரிய கார்டு எதற்கு, சின்னது ஓடட்டும், பேட்டரி மிச்சமாகும், கனமான வேலை வந்தால் மட்டும் பெரியதை எழுப்பலாம் என்கிற யோசனை. என்விடியா 2010-இல் ஆப்டிமஸ் என்று பெயர் வைத்துக் கொண்டுவந்தது. நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் எது கனமான வேலை என்று மெஷின் தப்பாகக் கணித்தால்? கணிக்கும். அப்போது நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று உள்ளே உள்ளே போய், அந்த கேமைத் தேர்ந்தெடுத்து, ஹை பர்ஃபார்மன்ஸ் என்று வைக்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. வினாடிக்கு 20 ஃப்ரேமில் தள்ளாடியது 40-க்கு வந்தது. ஹெல்ப்லைனில் மூன்று பேர் மூன்று தடவை ஃபார்மேட் பண்ணச் சொன்னார்களே, ஒருத்தர்கூட "எந்த ஜிபியு ஓடுது, பாருங்க சார்" என்று கேட்கவில்லையே!

கார்டு விழித்துக்கொண்டது. ஆனாலும் அந்த நின்று நின்று போகிற வியாதி போகவில்லை. ஒரு வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட். அதில் ஒரே ஒரு படம் 200 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால், சராசரி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியும். கார் சுவருக்குப் போகும். அதனால் ஆவரேஜ் எஃப்பிஎஸ் இவ்வளவு என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ஒரு சின்ன வரி இருந்தது. எத்தனை ஸ்லாட் பயன்படுகிறது என்று. இரண்டில் ஒன்று. அதாவது 8 ஜிபி ரேம் ஒரே குச்சியாகப் போட்டிருக்கிறார்கள். இன்னொரு ஸ்லாட் காலி. இதில் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். டிடிஆர்4 3200 ரேம் ஒரு குச்சி இருந்தால் வினாடிக்கு 25.6 ஜிபி வரைதான் தகவல் போய்வர முடியும். இரண்டு குச்சி இருந்தால் 51.2. ஒரு குழாயில் தண்ணீர் பிடிப்பதற்கும் இரண்டு குழாயில் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஒரே 8-க்குப் பதிலாக இரண்டு 4 போட்டிருந்தால்கூட அளவு அதே 8, பாதை இரண்டு ஆகியிருக்கும்.

அளவாவது போதுமா? அதுவும் இல்லை. விண்டோஸ் தன் பங்குக்கு மூன்று, நாலு ஜிபி எடுத்துக்கொள்கிறது. கேட்காமலே போட்டுக்கொடுத்த ஆன்டிவைரஸ் ட்ரையல், லேப்டாப் கம்பெனியின் சொந்த ஆப் இரண்டு, அவை தங்கள் பங்குக்குக் கொஞ்சம். மிச்சம் இருப்பதில் கேம் ஓட வேண்டும். இடம் போதாதபோது எஸ்எஸ்டியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கும். அந்த எடுத்துவருகிற நேரம்தான் என் அரை வினாடி. 2022-இல் வந்த எல்டன் ரிங் கேமுக்குக் குறைந்தபட்சத் தேவையே 12 ஜிபி ரேம் என்று போட்டிருக்கிறார்கள். நன்றாக ஓட இல்லை, ஓடத் தொடங்குவதற்கே! அதற்கு அப்புறம் விற்ற ஒரு பெட்டியில் 8 ஜிபியைப் போட்டு, வெளியே கேமிங் என்று எழுத எப்படி மனசு வந்தது?

சரி, இன்னொரு குச்சி வாங்கிப் போட்டுவிடலாம் என்றால் அங்கே வந்தது அடுத்த வம்பு. அடிமூடியைத் திறக்கலாமா, கூடாதா? ஒரு ஸ்க்ரூ மேல் சின்னதாக ஒரு சீல் ஒட்டியிருக்கிறது. ஹெல்ப்லைனில் ஒருத்தர் "திறக்கலாம் சார்" என்றார். இன்னொருத்தர் "வாரன்ட்டி போயிடும் சார்" என்றார். எழுத்தில் கொடுங்கள் என்றேன். இரண்டு பேரும் கொடுக்கவில்லை.

அதே நேரத்தில் சூடு. சித்திரை, வைகாசி. சென்னையில் வெளியே 40 டிகிரி. ஏசி இல்லாத ரூமில் இரவு பத்து மணிக்கும் 34, 35. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, அதைப் போட்டுப் பார்த்தேன். ப்ராசஸர் 98 டிகிரி. இன்டெல் ப்ராசஸர்கள் பலவற்றுக்கு உச்சவரம்பே 100. அதைத் தொடப்போகிறது என்று தெரிந்ததும் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடவேண்டியது 2-க்கும் கீழே இறங்கும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். மெஷின் கெட்டுப்போகவில்லை, மூச்சு வாங்குகிறது. அவ்வளவுதான்.

சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அரை நாள் லீவு. டோக்கன் போட்டு இரண்டு மணி நேரம். கவுன்டரில் இருந்தவர் லேப்டாப்பை ஆன் பண்ணினார், விண்டோஸ் வந்தது, ஆஃப் பண்ணினார். "நல்லாத்தானே இருக்கு சார்?" கேம் ஓட்டினால் சூடாகிறது என்றேன். "கேமிங் லேப்டாப்னா சூடாகத்தான் செய்யும் சார்." உள்ளே தூசு அடைத்திருக்கலாம், சுத்தம் பண்ணித்தாங்க என்றேன். "க்ளீனிங் வாரன்ட்டியில வராது." அப்போ நான் வெளியே கொடுத்துப் பண்ணிக்கட்டுமா? "வெளிய திறந்தா வாரன்ட்டி இருக்காது." நீங்களும் பண்ண மாட்டீங்க, என்னையும் பண்ணவிட மாட்டீங்க. அப்போ அந்தத் தூசு என்ன செய்யும், தானாக எழுந்து போகுமா? கேட்டேன். பதில் இல்லை. அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்.

கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? வாரன்ட்டி எப்போது முடியும் என்று காத்திருந்தேன். பாதுகாப்பு என்று சொல்லிக் கொடுத்த ஒன்று எப்போது தீரும் என்று காலண்டரைப் பார்த்துக் காத்திருக்க வேண்டிய நிலைமைக்கு ஒரு மனுஷனைக் கொண்டுவந்து விடுகிறார்கள் இல்லையா, இதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. கடைசித் தவணையும் வாரன்ட்டியும் ஒரே மாதத்தில் முடிந்தன. அடுத்த சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்.

அந்தத் தெருவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மவுண்ட் ரோட்டை ஒட்டி, நடக்க இடமில்லாமல், ஒயரும் போர்டும் ஸ்பீக்கரும் தொங்குகிற தெரு. மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடி கடை. அங்கிருந்த பெரியவர் ஸ்க்ரூவைக் கழற்றி, அடிமூடியை எடுத்து, ஃபேனைத் தூக்கி என் கையில் காட்டினார். ஃபேனுக்கும் அந்தச் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசு ஒரு துணிபோலப் படிந்திருந்தது. விரலால் உரித்து எடுத்தார், முழுசாக வந்தது. ப்ராசஸர் மேல் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. "காத்தே போகலியே சார், இது எப்படி ஓடும்? மெத்தை மேல வெச்சு ஓட்டுவீங்களா? அடியில தாங்க காத்து இழுக்கும், மூடிடாதீங்க." துடைத்து, புது பேஸ்ட் வைத்து, காலி ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி குச்சியையும் செருகிக்கொடுத்தார். நாற்பது நிமிஷம். அந்த மனுஷர் என்னிடம் ஒரு ஸ்கிரிப்டையும் படிக்கவில்லை. திறந்தார், பார்த்தார், எனக்கும் காட்டினார். வேறென்ன கேட்டோம் நாம்?

98 டிகிரி 84-க்கு இறங்கியது. நின்று நின்று போவது அடங்கியது. 50 ஃப்ரேம் நிலையாக வந்தது. அந்த வளைவில் முதல் தடவையாக கார் ரோட்டிலேயே போனது.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். இல்லை. ஆபீஸில் ஒரு தம்பி இருக்கிறான், அவனிடமும் அதே கிராபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப். வேறு கம்பெனி. விலை என்னுடையதைவிட 4,000 ரூபாய்தான் கூட. இரண்டு பேரும் ஒரே கேமை ஒரே செட்டிங்கில் ஓட்டிப் பார்த்தோம். எனக்கு 50, அவனுக்கு 70-க்கு மேல். "அண்ணே, உங்க கார்டு எத்தனை வாட்?" என்று கேட்டான்.

எத்தனை வாட்! 14 மாதத்தில் அந்தக் கேள்வியை நான் கேள்விப்பட்டதே இல்லை. என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குள் ஒளிந்திருந்தது. எனக்கு 50. அவனுக்கு 80. பெயர் ஒன்று, ஸ்டிக்கர் ஒன்று, உள்ளே போகிற கரன்ட் வேறு. குறைவாகக் கரன்ட் கொடுத்தால் குறைவாகத்தான் ஓடும். இதற்கு ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் மருந்து கிடையாது. வாங்கின அன்றைக்கே எழுதி முடித்த தலையெழுத்து.

என் ஒருத்தன் லேப்டாப் கதை என்று நினைக்காதீங்க. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்புக்கு என்விடியா போட்டிருக்கிற அளவு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. மூன்று மடங்குக்கும் மேல்! இதற்குள் எந்த அளவை வேண்டுமானாலும் லேப்டாப் தயாரிப்பாளர் வைக்கலாம், பெயர் 4060தான். ஒரு காலத்தில் இதற்கு அடையாளம் இருந்தது. 2017-இல் வந்த மேக்ஸ்-க்யூ என்ற பெயர் பின்னால் ஒட்டியிருந்தால், இது குறைந்த வாட், மெலிந்த லேப்டாப்புக்கானது என்று தெரிந்துகொள்ளலாம். 2021-இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை லேப்டாப்புக்கு வந்தபோது பெயரில் இருந்து அந்த அடையாளம் போய்விட்டது. வாட் அளவைத் தயாரிப்பாளர்கள் வெப்சைட்டில் போட வேண்டும் என்றார்கள். வெப்சைட்டில்! கடையில் நிற்கிற மனுஷன் பார்க்கிற ஸ்டிக்கரில் இல்லை.

பெரிய விலைக்குப் போனாலும் இதே கதைதான். டெஸ்க்டாப்பில் வந்த 4090-இல் 16,384 கோர், 24 ஜிபி மெமரி. லேப்டாப்பில் வந்த 4090-இல் 9,728 கோர், 16 ஜிபி. சிப்பே வேறு. டெஸ்க்டாப் 4080-இல் இருக்கிற அதே கோர் எண்ணிக்கை அது. அப்போ 4080 என்று சொல்லி விற்க வேண்டியதுதானே? லட்சக்கணக்கில் கொடுக்கிறவருக்கே இந்த நிலைமை என்றால் தவணை கட்டுகிற நமக்கு?

நியாயமாகப் பேச வேண்டும். எல்லாப் பழியும் லேப்டாப் மேல் இல்லை. சில கேம்களே அரைகுறையாக வருகின்றன, எந்த மெஷினிலும் திக்கும். 4 ஜிபி வீடியோ மெமரி இருக்கிற கார்டில் டெக்ஸ்சரை அல்ட்ராவில் வைத்தால் எந்தச் சாமி வந்தாலும் ஓடாது, மீடியத்துக்கு இறக்கத்தான் வேண்டும். பேட்டரியில் ஓட்டினால் வேகம் பாதியாகும், அதுவும் இயற்கை. ஆபீஸிலிருந்து கொண்டுவந்த 65 வாட் டைப்-சி சார்ஜரில் செருகி ஓட்டினால் அதுவும் போதாது. இதெல்லாம் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். தெரிந்துகொள்ளவும் தயார். என் ஆதங்கம் அதில்லை. விற்கிறவருக்குத் தெரிந்த விஷயத்தை, வாங்குகிறவன் 14 மாதம் தோண்டி எடுக்க வேண்டும் என்பதுதான்.

2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளின் தரம், அளவு, திறன், விலை பற்றித் தெரிந்துகொள்வது நம் உரிமை என்று எழுதியிருக்கிறது. புகார் சொல்ல 1915 என்று ஒரு நம்பர் இருக்கிறது. ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமைக்காக 2022 டிசம்பரில் மத்திய அரசு ஒரு போர்ட்டலே தொடங்கியது. அமெரிக்காவில் 2018-இல், சீலைப் பிரித்தால் வாரன்ட்டி போய்விடும் என்று மிரட்டுவது தப்பு என ஃபெடரல் டிரேட் கமிஷன் ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சட்டம் இருக்கிறது, போர்ட்டல் இருக்கிறது. ஆனால் பெட்டியின் மேல் எத்தனை வாட் என்கிற அந்த ஒரு எண்ணை அச்சடிக்க எத்தனை சொட்டு மை ஆகும்? பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கிராம் என்று போடாமல் விற்க முடியுமா இந்த நாட்டில்?

போன மாதம் அக்கா கூப்பிட்டாள். அவள் மகள் அனிமேஷன் படிப்பில் சேர்ந்திருக்கிறாள், லேப்டாப் வாங்க வேண்டும், நீயும் வா என்று. அதே மாதிரி ஒரு பெரிய ஷோரூம். கீழ்த்தளத்தில் அக்கா மிக்ஸி பார்க்க நின்றுவிட்டாள். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். அக்கா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கேட்டது. "சட்னி மட்டுமா அக்கா, இல்ல இட்லி மாவும் அரைப்பீங்களா? சட்னின்னா இந்த 500 வாட் போதும். மாவுக்கு 750 வாட் எடுத்துக்கங்க." கவிழ்த்து அடியில் இருந்த எழுத்தையும் காட்டியது. "விடாம அரைக்காதீங்கக்கா. சூடாச்சுன்னா இந்தச் சிவப்பு பட்டன் கட் பண்ணிடும். ஆறவிட்டு அமுக்குங்க, ஓடும்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். என்ன வேலைக்கு, எத்தனை வாட், சூடானால் என்ன ஆகும். மூன்று விஷயம், அரை நிமிஷம். எனக்கு 14 மாதம்.

மேல்மாடிக்குப் போனோம். லேப்டாப் கவுன்டரில் ஒரு பையன். சிவப்பு லைட், நீல லைட் எல்லாம் எரிகிறது. "எல்லா சாஃப்ட்வேரும் ஸ்மூத்தா ஓடும் மேடம்" என்றான் மருமகளிடம். "தம்பி, இந்தக் கார்டு எத்தனை வாட்?" என்று கேட்டேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு "180 வாட் சார்" என்றான். அது அடாப்டர்ப்பா, கார்டு எத்தனை? முழித்தான். சூப்பர்வைசரைக் கூப்பிட்டான். அவர் ஒரு பிரின்ட் அவுட்டைப் புரட்டினார், இல்லை. ரேம் ஒரே குச்சியா, இரண்டா? அதிலும் இல்லை. அடிமூடியைத் திறந்து ரேம் போட்டால் வாரன்ட்டி இருக்குமா? "கேட்டுச் சொல்றேன் சார்."

மருமகள் பேசாமல் போனை எடுத்தாள். கம்பெனி வெப்சைட்டில் அந்த மாடலைத் தேடி, கீழே கீழே தள்ளி, அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் இருந்ததைப் பெரிதாக்கினாள். "மாமா, இது 45 வாட். அந்தப் பக்கம் இருக்கிறது 95." விலையில் 6,000 ரூபாய் வித்தியாசம். 95-ஐ எடுத்தோம்.

பில் போடப் போகும்போது அந்தப் பையன் பின்னாலேயே வந்தான். "சார், இது மாடலுக்கு மாடல் வேற வேறயா இருக்குமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தான். மருமகளின் போனைப் பார்த்து, விலை அட்டைக்குப் பின்னால் 45 என்றும் 95 என்றும் எழுதிக்கொண்டான்.

அவனுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.